கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகுமா?

கேள்வி: மேற்கு வங்காளத்தின் நதியா மாவட்டத்துக்கு வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு போகிறோம். அங்கே நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருக்கிறதாம். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆர்சனிக் ஒரு நச்சுத் தனிமம், அதற்குச் சாவில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, பாத்திரத்தில் மிஞ்சும் நீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

அந்த மாவட்டத்தில் இரண்டு ஆண்டுகள் தண்ணீர்ப் பரிசோதனை வேலை பார்த்தவன் நான். கிராமத்துக்குக் கையோடு எடுத்துப்போகும் பெட்டி ஒன்று உண்டு. அடிகுழாய் நீரைச் சிறு குப்பியில் பிடித்து, அமிலப் பொடியும் துத்தநாகத் தூளும் போட்டு, வேதிப்பூச்சுள்ள வெள்ளைக் காகிதத் துண்டு பொருத்திய மூடியால் இறுக மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்சனிக் இருந்தால் அது வாயுவாக மேலெழும்பிக் காகிதத்தை மஞ்சளாக்கும்; மிகுதியாக இருந்தால் பழுப்பாக்கும்.

ஒரு வீட்டு வாசலில் காகிதம் செங்கல் நிறத்துக்கு வந்தது. முப்பதடி தள்ளி இருந்த அடுத்த வீட்டுக் குழாயில் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. முதல் வீட்டம்மா உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். மணல் ஒட்டிக் காய்ந்தது போல் சிறு சிறு தடிப்புகள். “பாபா, இருபது வருஷமாக இந்தத் தண்ணீர்தான். ஒரு நாள்கூட நாறியதில்லையே” என்றார். உண்மைதான். நீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை.

இதைக் கிணற்றில் யாரும் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகள் தேய்ந்து ஆறுகள் சுமந்துவந்த வண்டலில், மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் வந்தது. வண்டலோடு புதைந்த செடிகொடிகளின் மட்கை நிலத்தடி நுண்ணுயிர்கள் தின்கின்றன. பிராணவாயு தீர்ந்த இடத்தில் அவை அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தால் அதைப் பற்றியிருந்த ஆர்சனிக் நீரில் இறங்கிவிடுகிறது. இந்த மட்கு, வண்டல் இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியவில்லை. பக்கத்துக் குழாய்கள் இரண்டும் இரண்டு விதமாக இருந்தது அதனால்தான். ஆழத்தில் உள்ள பழைய மணல் அடுக்குகளில் பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு.

நினைக்கும்போதெல்லாம் நெஞ்சை அறுப்பது அடிகுழாய்கள் வந்த காரணம். குளத்து நீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காக்கத்தான் வங்கதேசத்தில் 1970களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய் இறக்கினார்கள். அப்போது ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மேற்கு வங்காளத்தில் 1983இல் தோல் மருத்துவர் கே. சி. சாஹா நோயாளிகளின் தோலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். வங்கதேசக் கிணறுகளில் 1993இல் தெரியவந்தது. பிறகு அங்கே நடந்த ஆய்வில், 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10தான். அதாவது மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதற்கும் 10 மில்லிகிராம்.

தோல் தடிப்பு வெளியே தெரிவது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

போனதும் செய்ய வேண்டியது: வீட்டுக் குழாய் நீரை ஆய்வகத்தில் கொடுத்து முடிவை எண்ணாக வாங்குங்கள். “பக்கத்து வீட்டில் நன்றாக இருக்கிறது” என்பதை நம்பாதீர்கள். ஆர்.ஓ. கருவி வைத்தாலும், அதிலிருந்து வரும் நீரையும் ஒரு முறை சோதியுங்கள். ஆர்சனிக்கின் ஒரு வகை அதில் முழுதாக நிற்காது. சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் அதே நல்ல நீர்தான் வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளிக்கவும் துணி துவைக்கவும் குழாய் நீர் போதும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

நான் சொன்ன அந்த அம்மா இப்போது குடிநீரை அடுத்த வீட்டுக் குழாயில்தான் பிடிக்கிறார். அவர் வீட்டுக் குழாயின் கழுத்தில் சிவப்புச் சாயம் பூசியது நான்தான்.