முகச் சிவப்புக்கு எந்த சீரம்?

கேள்வி: வயது 29. கன்னங்களும் மூக்கின் ஓரமும் அடிக்கடி சிவந்துவிடுகின்றன. முகம் கழுவினாலே எரிகிறது. மூன்று வாரமாக வைட்டமின் சி சீரம் போடுகிறேன், சிவப்பு கூடியிருக்கிறது. விற்றவரோ, "உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது, நிறுத்திவிடாதீர்கள்" என்கிறார். தொடரலாமா? எரியாத சீரம் எது?

பதில்: இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். விற்றவர் சொன்னது பொய். வைட்டமின் ஏ-யைச் சேர்ந்த ரெட்டினால் வகையும் தோலை உரிக்கும் அமிலங்களும் தொடங்கிய புதிதில் சிலருக்குச் சின்னச் சின்னப் பருக்களைக் கிளப்பும், அது உண்மைதான். வைட்டமின் சி அந்த வேலையைச் செய்வதில்லை. எரிச்சலும் சிவப்பும் வந்தால் தோல் ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். பாட்டிலைத் திருப்பித் தராமல் இருக்கச் சொல்லும் சமாதானத்தை நம்பி எத்தனையோ பேர் முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைடு போன்ற கொழுப்புகள் இருக்கின்றன. அவை குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். வெளியே இருப்பது உள்ளே புகுந்து உறுத்தும். தூய வைட்டமின் சி தோலுக்குள் இறங்க வேண்டுமானால், அது இருக்கும் கரைசல் நல்ல புளிப்பாக, அதாவது பி.எச். 3.5-க்கும் கீழே இருக்க வேண்டும். ஏற்கெனவே பலவீனமான கன்னத்தில் அதைத் தடவினால் எரியாமல் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு வாரத்துக்கு எந்த சீரமும் வேண்டாம். இரவில் நுரை அதிகம் வராத, சோப்பு அல்லாத கிளென்சர். காலையில் வெறும் தண்ணீர், அதுவும் சூடாக வேண்டாம். செராமைடு உள்ள மாய்ஸ்சரைசர் ஒன்று. பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். ஸ்கிரப்பைத் தொடவே கூடாது.

எரிச்சல் அடங்கிய பிறகு, வைட்டமின் பி3-இன் ஒரு வகையான நியாசினமைடு உள்ள சீரம் பாருங்கள். 4 அல்லது 5 சதவீதம் போதும். 10, 15 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த அளவு உணர்திறன் மிகுந்த முகத்தைச் சிவக்க வைத்துவிடலாம். கூடவே தோலுக்கு இதம் தரும் பாந்தெனாலோ வல்லாரைச் சாறோ இருந்தால் நல்லது. வாசனைப் பொருள், லாவெண்டர் எண்ணெய், எலுமிச்சை வகை எண்ணெய்கள், மெந்தால் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். மெந்தாலின் குளிர்ச்சியை இதம் என்று பலர் நினைக்கிறார்கள், உறுத்துவதும் அதுதான்.

அட்டையில் 'சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு' என்று அச்சிட்டிருப்பதற்கு மதிப்புக் கொடுக்காதீர்கள். 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை தருவது குறைவு) என்ற சொல்லுக்குத் தங்களிடம் வரையறையே இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியானால் அதை அச்சிட ஏன் விடுகிறார்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்பது!

வாங்கியதும் முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையா, சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டு ஒற்றி, மேலே மாய்ஸ்சரைசர் போடுங்கள். பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும்.

இந்தக் காத்திருப்பில்தான் ஆபத்தும் வரும். "இரண்டே நாளில் சிவப்பு போய்விடும்" என்று பேர் ஒட்டாத டப்பியில் யாராவது ஒரு கிரீம் நீட்டுவார்கள். அழகு நிலையத்தில் இருப்பவராகவும் இருக்கலாம், கிளினிக் வாசலில் நிற்கும் இடைத்தரகராகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட டப்பிகளில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது எங்களுக்குப் பழகிய கதை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முகம் சட்டென்று வெளுத்துத் தெளிந்துவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாக ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முடியும் வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். உடனே மறுபடி அதே டப்பி. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத ஒன்றை முகத்தில் போடவே போடாதீர்கள்.

இப்படி ஒன்றை ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நியாசினமைடும் எரியும், சாதாரண மாய்ஸ்சரைசரும் எரியும். எரிகிறதே என்று திரும்பவும் அதையே தடவாதீர்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். டப்பியை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது, நடுவில் என்ன கொடுப்பது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சையே தவறிப்போகும். மருத்துவர் சில நாளுக்கு என்று அளவு சொல்லி எழுதித் தந்த மிதமான ஸ்டீராய்டு வேறு விஷயம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்டீராய்டு போட்டதே இல்லை, எட்டு வாரத்துக்குப் பிறகும் சிவப்பு நிற்கிறது, வெயிலிலோ காரத்திலோ முகம் குப்பென்று சிவக்கிறது, கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்றால் ரோசேசியா என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். அதற்கு அசெலாயிக் அமிலம், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் இருக்கின்றன, சீரம் தீர்க்காது. மாநிறத் தோலில் சிவப்பு எடுத்துத் தெரியாது, பலரும் அதனாலேயே தவறவிடுகிறார்கள். சிவந்திருக்கும் நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, இதுவரை போட்ட எல்லாவற்றின் பெயர்களோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.