பட்டறைப் பக்கம்: ஜிக்குக்குத் தேக்கு எதற்கு?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை போட்டிருக்கிறேன். டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) பலகையைக் குறுக்கே அறுக்க, அதைத் தாங்கித் தள்ளும் ஸ்லெட் என்கிற ஜிக் (அளவு பிசகாமல் வேலை செய்ய உதவும் துணைக் கருவி) ஒன்று செய்யவேண்டும். செங்கோட்டையில் வாங்கிய தேக்குத் துண்டுகள் மிச்சம் கிடக்கின்றன. அதிலேயே செய்துவிடலாமா? எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) போடலாம் என்றால் எங்கள் ஊர் ஆசாரி, "தண்ணி பட்டா ரஸ்க் மாதிரி ஊறிரும்லா" என்கிறார்.
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, அந்தத் தேக்கை நல்ல வேலைக்கு எடுத்து வையுங்கள். ஸ்லெட்டின் அடிப்பலகைக்கு அது தோதுப்படாது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும், ஆனாலும் அசையும். ஒரு அடி அகலப் பலகை, சாரல் காலத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையலாம். கதவுச் சட்டத்தில் இதற்கு இடம்விட்டுச் செய்கிறோம். மூலைமட்டம் பார்த்து இறுக்கிய ஜிக்கில் அப்படி இடம்விட முடியாது.

பிளைவுட்டில் ஒரு அடுக்கின் ரேகைக்குக் குறுக்கே அடுத்த அடுக்கு ஒட்டியிருப்பதால் அகலம் அநேகமாக மாறாது. எம்.டி.எஃப்பில் ரேகையே கிடையாது, நார்தான். அதனால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கிற பலகைகளில் அதைவிடத் தட்டையானது அபூர்வம். ஆனால் கனம் ஜாஸ்தி. எட்டுக்கு நாலு அடி, 18 மில்லி ஷீட் சுமார் 40 கிலோ வரும். நீங்கள் முழு ஷீட் வாங்க வேண்டாம். மாடுலர் கிச்சன் செய்கிற பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் குவிந்து கிடக்கும், கேட்டால் சல்லிசாகத் தருவார்கள். வாங்கும்போது துண்டின் விளிம்போடு கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வளைந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, ஸ்லெட்டுக்கு வருவோம். அடிப்பலகை 12 மில்லி பிளைவுட். பலகையைச் சாய்த்துப் பிடிக்கும் வேலிக்கு 18 மில்லி எம்.டி.எஃப் பட்டைகள் இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி, தட்டையான மேடையில் கிளாம்ப் போட்டுக் காயவிடுங்கள். அந்தத் தேக்குத் துண்டில் மெல்லிய பட்டை இழைத்து, மெஷின் மேசைக் காடியில் ஓடும் ஓட்டப்பட்டையாக வையுங்கள். அங்கே தேக்கு சரியான மரம். அகலம் குறைவு என்பதால் விரிந்தாலும் தெரியாது, தேய்மானமும் தாங்கும். மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள். தூசியைப் பிடித்துக்கொண்டு காடியில் பசையாகிவிடும்.

வேலியை அடியிலிருந்து முதலில் இரண்டே திருகில் பிடியுங்கள். ஒரு முனையில் இறுக்கமாக, மறு முனையில் கொஞ்சம் தளர்வான துளையில். பிறகு இரண்டு ஓரமும் இணையாக உள்ள அகலமான துண்டு ஒன்றை அறுங்கள். பாதியை அப்படியே வைத்து, மறு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, அறுத்த முகங்கள் முட்டுகிற மாதிரி வேலியோடு சேர்த்து வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தெரிகிற இடைவெளி உண்மைப் பிழையைப்போல் இரண்டு மடங்கு. அதில் பாதிதான் பிழை என்பதை மனதில் வைத்துத் தளர்ந்த முனையைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அறுத்துப் பாருங்கள். வெளிச்சம் மறைகிற வரை பொறுமையாகச் செய்து, அப்புறம் மீதித் திருகுகளைப் போடுங்கள். மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பதைவிட எனக்கு இந்தச் சோதனையில்தான் நம்பிக்கை அதிகம். மூலைமட்டமே கோணலாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

அந்த ஆசாரி சொன்னதும் உண்மைதான். எம்.டி.எஃப் விளிம்பில் தண்ணீர் ஏறினால் உப்பும், பிறகு இறங்காது. அதனால் விளிம்புக்கு அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு மூன்று கை பூசுங்கள். தண்ணீர் கலந்த பசையைப் பூசினால் அந்தத் தண்ணீரே நாரை எழுப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் கொட்டகை ஓட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எம்.டி.எஃப் விளிம்பில் திருகு போட்டால் பிளந்துவிடுகிறது. கழற்றி மாட்டினால் பிடிப்பே இல்லை. என்ன வழி?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: விளிம்பு அதன் பலவீனமான இடம். 4 மில்லி திருகுக்கு 3 மில்லி துளை போட்டு, மூலையிலிருந்து ஒன்றிரண்டு அங்குலம் தள்ளி இறக்குங்கள். அடிக்கடி கழற்றி மாட்டுகிற ஜிக் என்றால் திருகையே நம்ப வேண்டாம். பலகையில் மறுபக்கம் வரை துளைபோட்டு, கால் இஞ்ச் போல்ட்டும் விங் நட்டும் போடுங்கள். இல்லையென்றால் திருகு இறங்குகிற இடத்தில் மட்டும் ஒரு மரக்கட்டையை ஒட்டிவையுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, நானும் வீட்டுக்காரரும் அலமாரி செய்து விற்கிறோம். ஆட்டோ கீலுக்கு (தானே மூடிக்கொள்ளும் கீல்) கதவில் 35 மில்லி குழி போடும்போது ஒவ்வொரு கதவிலும் இடம் மாறுகிறது. ஜிக் விலைக்கு வாங்க வேண்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம்மா. 6 மில்லி பிளைவுட்டில் உள்ளங்கை அளவு துண்டு எடுத்து, அதன் மேல் மிச்ச சன்மைக்கா ஒன்றை ஒட்டுங்கள். ஒரு ஓரத்தில், கதவு விளிம்பில் முட்டி நிற்க ரீப்பர் ஒன்றை அடியில் பொருத்துங்கள். அந்த ரீப்பரின் உள்முகத்திலிருந்து 22.5 மில்லியில், ஆணி முனை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னத் துளை. அவ்வளவுதான். கதவில் சாய்த்து வைத்து, ஆணியால் ஒரு தட்டுத் தட்டினால் குழியின் மையம் விழுந்துவிடும், பிட்டின் முனை அங்கேயே உட்காரும். 22.5 வைத்தால் குழிக்கும் கதவு விளிம்புக்கும் நடுவில் 5 மில்லி நிற்கும். உங்கள் கீலின் அட்டையில் வேறு அளவு போட்டிருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். சன்மைக்கா எதற்கென்றால், வெறும் பிளைவுட்டில் துளை நாள்பட நாள்பட அகன்றுபோகும். இன்னொன்று: குழி ஆழத்தையும் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். 18 மில்லி கதவில் கொஞ்சம் அழுத்தினாலும் முன்பக்க மைக்காவில் தடம் வந்துவிடும்.

எம்.டி.எஃப் அறுக்கிற வேலையை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி மாவைவிட நைஸ், அதில் பசையும் சேர்ந்திருக்கிறது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி: கடைசல் பட்டறையில் சொப்புச் சாமான் செய்கிறேன். ஒரே செட்டில் பானை எல்லாம் ஒரே வடிவமாக வரவில்லை.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நல்ல பானை ஒன்றை மாதிரியாக வைத்து, அதன் பக்கவாட்டு வடிவத்தை 3 மில்லி ஹார்டுபோர்டில் வரைந்து, கோட்டுக்கு வெளியே இருக்கிற பாகத்தை வைத்துக்கொண்டு உள்பாகத்தை வெட்டி எடுங்கள். விளிம்பை உப்புத்தாளால் நைசாக்கி அரக்கு பூசுங்கள். கடையும்போது மெஷினை நிறுத்திவிட்டு இந்த அச்சைச் சாமானோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால், எங்கே இன்னும் எடுக்கவேண்டும் என்று தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடிக்கக் கூடாது. சாயம் ஏற்றுவதற்கு முன்னாலேயே பார்த்து முடித்துவிடுங்கள். ஒவ்வொரு அச்சிலும் சாமானின் பெயரையும் உயரத்தையும் பென்சிலால் எழுதி, மூலையில் ஒரு துளைபோட்டு ஆணியில் மாட்டுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துபோகும்.