உப்பில் வளரும் புல், உப்பில் முளைக்குமா?

கேள்வி: சீனக் கடற்கரையில் ஒரு அமெரிக்கப் புல் பரவிக் கிடக்கிறது, அதை ஒழிக்க அரசே பெரிய திட்டம் போட்டிருக்கிறது என்று படித்தேன். கடல் தண்ணீரிலேயே வளரும் புல் என்றால் விதையும் உப்பில்தான் முளைக்குமா? அறுத்துப் போட்டால் அழியாதா?
– வாசகர், கடலூர்

பதில்: நீங்கள் படித்தது ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா பற்றி. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைதான் அதன் சொந்த ஊர். 1979-ல் நாஞ்சிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள், கரை அரிப்பைத் தடுக்கவும் சேற்றைப் பிடித்து நிலம் சேர்க்கவும் உதவும் என்றுதான். அந்த வேலையை நன்றாகவே செய்தது, ஆனால் அதோடு நிற்காமல் வலசைப் பறவைகள் இரை தேடும் வெறும் சேற்றுத் திட்டுகளையும் மூடிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் பறவைக்கு நடுவழியில் வேறு சாப்பாட்டு இடம் எங்கே இருக்கிறது?

சரி, உப்புக்கு வருவோம். வளர்ந்த புல்லும் விதையும் இதில் ஒன்றல்ல. புல்லின் வேர் உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாது, மீறி வந்ததை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். காய்ந்த நாளில் இலையைப் பார்த்தால் உப்புத் துகள்கள் மின்னும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதிலும் இது உயிர் வாழும்.

விதைக்கு அந்தத் தெம்பு இல்லை. நல்ல தண்ணீரில்தான் அதிகம் முளைக்கும், உப்பு ஏற ஏற முளைப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் முளைக்கவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, உப்பில் அடங்கிக் கிடந்த விதை, மழையோ ஆற்று வெள்ளமோ உப்பைக் குறைத்ததும் முளைத்துவிடும். குளிர்காலக் குளிர் பட்டால்தான் அதன் உறக்கமும் கலையும். அதனால் இலையுதிர் காலத்தில் உதிர்ந்து அலையோடு மிதந்து போகும் விதைகள் வசந்தத்தில், புது இடத்தில், கூட்டமாக முளைக்கின்றன.

கேள்வி: அப்படியானால் விதை மண்ணிலேயே பல வருடம் கிடந்து திரும்பத் திரும்ப வருமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வராது, அந்தப் புல்லை எதிர்ப்பவர்களுக்கு இருக்கிற நல்ல செய்தியே இதுதான். நெல்லைக் காயவைத்துக் குதிரில் வைப்பதுபோல இந்த விதையை வைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். ஈரத்தில், குளிரில் இருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. ஆகவே ஒரே ஒரு பருவம் விதை கட்டவிடாமல் தடுத்தால் அந்தத் திட்டில் அடுத்த வசந்தத்தில் விதைவழி நாற்று மிகக் குறைவு, வெளியிலிருந்து அலை கொண்டுவராத வரை.

ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு போன்ற தண்டு இருக்கிறதே, அதை என்ன செய்வது? அறுத்துவிட்டு அப்படியே விட்டால் மறுபடி தளிர்க்கும், என்னைக் கேட்டால் அது வீண் கூலி என்பேன். ஷாங்காய் அருகே சோங்மிங் தீவின் டோங்டான் பறவைகள் காப்பகத்தில் 2013-ல் தொடங்கிய திட்டத்தில் கரை கட்டி, புல்லை அறுத்து, மேலே தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். வேருக்கு மூச்சு போவது தண்டின் உள்ளே இருக்கும் காற்றுக் குழாய்கள் வழியாகத்தான், அறுத்த அடித்தண்டு தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் வேர் மூச்சடைத்து அழுகும். பூக்கும் சமயத்தில் அறுத்தால் விதையும் நிற்கும், தண்டில் சேமித்த சத்தும் குறைந்திருக்கும்.

நாடு முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் 2022-ல் வந்தது, 2025 வரைக்கானது. ஒரு கழியில் ஒழித்துவிட்டுப் பக்கத்துக் கழியில் விட்டால் விதை மிதந்து வந்துவிடும், அதனால் முழுக் கரையையும் சேர்த்துச் செய்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.