எல்லை தாண்டும் பார ஊர்திச் சாரதிக்குப் போதைப்பொருள் பரிசோதனை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

இருபது வயதான உங்கள் மகன் களஞ்சியசாலை வேலையை விட்டு, பார ஊர்தி ஓட்டுவதற்கான ‘ஏ-இசட்’ அனுமதிப்பத்திரப் பயிற்சியில் சேர விரும்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவுக்கு ஓடும் நிறுவனங்கள் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதால், வார இறுதிகளில் நண்பர்களோடு கஞ்சா புகைக்கும் அவருக்கு இந்தத் தொழில் சரிவருமா என்பது உங்கள் கேள்வி. சரிவரும், ஆனால் கஞ்சாவை அடியோடு விட வேண்டும், அதையும் பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்னரே விட வேண்டும்.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது என்பதால், கடையில் விற்பதைத்தானே வாங்குகிறேன் என்று மகன் வாதிடுவதில் பிழையில்லை. ஆயினும் அந்த அனுமதி சாரதி ஆசனம் வரை செல்லாது. ஒன்ராறியோவில் 2018 யூலை 1 முதல் வணிக வாகனம் ஓட்டுபவருக்கு மதுவிலும் கஞ்சாவிலும் பூச்சிய அளவே விதி. எல்லையைக் கடந்தால் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகள் கனடியச் சாரதியையும் கட்டுப்படுத்தும். அந்த விதிகளின்படி நடக்கும் சிறுநீர்ப் பரிசோதனை, சாரதி அந்த நேரத்தில் மயக்கத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. உடலில் தங்கியிருக்கும் எச்சத்தைத் தேடுகிறது. அந்த எச்சம் நாட்கணக்கிலும், வழக்கமாகப் புகைப்பவரிடம் வாரக்கணக்கிலும் தங்கும். வெள்ளி இரவு புகைத்தவர் திங்கள் காலை முழு நிதானத்தோடு வண்டியை எடுத்தாலும் அகப்படலாம். மருத்துவரின் கஞ்சாச் சீட்டோ, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய்தான் எடுத்தேன் என்ற விளக்கமோ அங்கு எடுபடாது.

பரிசோதனை நிலையத்தில் நடப்பதை மகன் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மேற்சட்டையைக் கழற்றி வைத்து, சட்டைப்பைகளைக் காலிசெய்து காட்ட வேண்டும். கழிவறைத் தொட்டியின் நீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். குறைந்தது 45 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். நான்கு நிமிடங்களுக்குள் அதன் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். அது 32 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பிறகு அவர் கண்முன்னே இரண்டு போத்தல்களில் ஊற்றி முத்திரையிடுவார்கள், முத்திரையில் அவர் தம் பெயரெழுத்துக்களை இட வேண்டும். முத்திரை விழும் வரை அந்தக் குவளையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

குருமாவில் சேரும் கசகசாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது; கசகசா உண்டவரின் சிறுநீரில் அபின் வகையைச் சேர்ந்த மோர்பீன் தென்படுவது உண்மை. அந்தக் காரணத்தாலேயே 1998இல் அபின் வகைகளுக்கான எல்லை அளவு மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது. வீட்டுச் சமையலில் அரைத்துச் சேர்க்கும் சிறிதளவு பெரும்பாலும் அதைத் தொடாது. 15,000ஐ எட்டினால் உணவுதான் காரணம் என்ற விளக்கத்தை ஏற்கக்கூடாது என்பதும் விதியில் உள்ளது. நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: தகப்பனுக்குப் பல்வலிக்கு எழுதிக் கொடுத்த கோடீன் மாத்திரையை மகனும் போடும் நம் வீட்டுப் பழக்கம். ஆய்வுகூட முடிவில் ஏதேனும் தென்பட்டால், நிறுவனத்துக்கு அறிவிப்பதற்கு முன் முடிவுகளைச் சரிபார்க்கும் மீளாய்வு மருத்துவர் சாரதியைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்பார். அப்போது காட்ட வேண்டியது அவர் பெயரிலேயே எழுதப்பட்ட மருந்துச் சீட்டு. முடிவை ஏற்காவிட்டால், 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது போத்தலை வேறு ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கோரலாம். அறியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விடுவது இந்தத் தொழிலில் விலைகொடுக்க வைக்கும்.

வேலைக்குச் சேருமுன் ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்பதும் தவறான எண்ணம். சாரதிகளின் மொத்த எண்ணிக்கையில் 50 வீதத்துக்குச் சமமான போதைப்பொருள் பரிசோதனைகளும், 10 வீதத்துக்குச் சமமான மதுப் பரிசோதனைகளும் ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றிக் குலுக்கல் முறையில் நடக்கும். அதில் பெயர் வந்தபின் செல்லாமல் விடுவதும், முடிவதற்கு முன் இடையில் எழுந்து வருவதும் மறுப்பாகவே கொள்ளப்படும். மறுப்புக்கும் தோல்விக்கும் விளைவு ஒன்றுதான். பயத்தில் வெளியேறிவிடும் இளைஞர்கள் இதை அறிவதில்லை.

தோல்வி ஏற்பட்டால் அது 2020 யனவரி 6 முதல் இயங்கும் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற மையப் பதிவேட்டில் ஏறும். குறைந்தது ஐந்தாண்டுகள் அங்கே இருக்கும். நிறுவனம் மாறினாலும் பதிவு கூடவே வரும். மீண்டும் வண்டியைத் தொட வேண்டுமானால், தகுதிபெற்ற போதைப் பழக்க நிபுணரின் மதிப்பீடு, அவர் விதிக்கும் சிகிச்சை அல்லது கல்வி, புதிய பரிசோதனை ஆகியவற்றை முடித்து, முதல் 12 மாதங்களில் குறைந்தது ஆறு திடீர்ப் பரிசோதனைகளுக்கும் உட்பட வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரை எடுக்க எந்த நிறுவனம் முன்வரும் என்பது தனிக் கேள்வி.

கனடாவுக்குள் மட்டும் ஓடுபவருக்கு இத்தகைய பொதுக் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் இல்லை; அது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. அமெரிக்காவுக்குள் ஓட எப்படியும் 21 வயது நிரம்ப வேண்டும் என்பதால், மகனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. விசாரணை செய்வதுபோல் அல்லாமல், இந்தத் தொழிலின் நிபந்தனை இது என்று அவரிடம் பேசுங்கள். தன்னால் விட முடியவில்லை என்று அவர் சொன்னால், குடும்ப மருத்துவரையோ, போதைப் பழக்கத்துக்கு உதவி தேட வழிகாட்டும் ‘கனெக்ஸ் ஒன்ராறியோ’ இலவசத் தொலைபேசிச் சேவையையோ இப்போதே நாடுவது, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு நாடுவதைவிட மிக எளிது. சந்தையில் கிடைக்கும் ‘உடல் சுத்திகரிப்பு’ பானங்களுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். மாதிரி நீர்த்தோ கலப்படமாகவோ தெரிந்தால் ஆய்வுகூடம் அதையும் குறித்து அனுப்பும்.