வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்குத் தென்னை நார்த்தூள் மட்டும் போதுமா?

காரைக்குடியில் பழைய வீடு, முற்றத்து ஓரம் மணி பிளாண்ட் வைக்க வேண்டும், மண்ணுக்குப் பதில் நார்த்தூள் மட்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் அலசாமல் போடாதீர்கள், கொஞ்சம் உரமும் சேர்க்க வேண்டும்.

நார்த்தூள் வருகிற தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. உப்புநீரில் ஊறிய மட்டை என்றால் இன்னும் அதிகம். சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் தூளுக்கும் இதே கதைதான். அழுத்திக் கட்டியாக விற்கும் நார்த்தூளை வாளியில் ஊறப்போட்டால் முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து கொட்டுங்கள். தண்ணீர் வெளுக்கும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீர் நல்லது. முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிக்கிற வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

அப்புறம், தூளில் தண்ணீர் நிற்கும், ஆனால் செடிக்கு வேண்டிய சத்து அதில் அதிகம் இல்லை. இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு மண்புழு உரமும் ஒரு கை மணலும் சேர்ப்பது என் வழக்கம். நம்மூர்ச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால் காய்ந்ததும் கல்லாக இறுகும். தூள் கலந்தால் அந்தத் தொல்லை குறையும்.

என் முதல் செடி அழுகித்தான் போனது. மேலே வெளுத்துக் காய்ந்தது போலத் தெரியும், அடியில் சொதசொதவென்று ஈரம் இருக்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கற்றாழைக்கு இந்தக் கலவை வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம். ஆத்தங்குடிக் கல்லில் அந்தப் பழுப்புத் தண்ணீர் தேங்கினால் வீட்டு ஆச்சி சும்மா விடமாட்டார்கள்.