6 சதவீத வாடகை வருமானம் என்றால் வீட்டை வாங்கிவிடலாமா?

வாடகையே ஆண்டுக்கு விலையில் 6 சதவீதம் வரும் என்று விற்பவர் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. செலவைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 6. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அதில் அரை போயிற்று. சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து ஒன்றரை என்றால் கையில் நிற்பது 4. முழுவதும் 8 சதவீத வட்டிக் கடனில் வாங்கினால், ஆண்டு வட்டியே 8; அதில் மீதி 4 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். ‘விலை ஏறிவிடும்’ என்பது அந்தப் பள்ளத்தை மூட நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். விற்பவர் சொல்வதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது, ஒரே ஒரு சுவரில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால், அதன் மறுபக்கம் குளியலறையா என்று பாருங்கள்; நீர்க்கசிவை மறைக்கப் பூசியிருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தோடு, வங்கிக் கணக்கில் வாடகை வரவான பதிவையும் கேளுங்கள்; ஒப்பந்தத்தில் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம். காட்டத் தயங்கினால் விலை பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நாளை நீங்கள் விற்கும்போதும், தெரிந்த நீர்க்கசிவை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். விலை சற்றுக் குறையும்தான். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்குப் பல நாடுகளில் வாங்கியவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர முடியும்.