எட்டாம் நம்பர் ஊசியும் 350 டிகிரி கேக்கும்

கேள்வி: டெல்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன கிறிஸ்துமஸுக்கு என் கையால் செய்த பிளம் கேக்கும், ஏழு மாதப் பேரனுக்கு ஒரு ஸ்வெட்டரும் பார்சலில் அனுப்பினேன். இரண்டுமே அமெரிக்க வீடியோ பார்த்துச் செய்தவை. அதில் சொன்னபடி எட்டாம் நம்பர் ஊசியைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னுமாக 90 கண்ணி போட்டுப் பின்னினேன். குழந்தையின் தலைகூட நுழையவில்லையாம். கேக்கை 350 டிகிரியில் வைக்கச் சொன்னார்கள். என் ஓவனில் 250 வரைதான் இருந்தது, அதிலேயே வைத்தேன். மேலே கருகி நடுவில் அமுங்கிவிட்டது. கருகியதைச் சீவிவிட்டு அன்று மாலையே அனுப்பினேன். ஐந்து நாள் கழித்துப் பிரித்தால் பூசணமாம், பாச்சை உருண்டை வாசனை வேறு. எனக்குக் கைப்பக்குவம் போய்விட்டதா? இந்த வருஷம் கடையிலேயே வாங்கி அனுப்பிவிடட்டுமா? – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கடைக்குப் போக வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்க அளவை நம்மூர் அளவென்று எடுத்துக்கொண்டீர்கள், ஸ்வெட்டரில் ஒருமுறை, ஓவனில் ஒருமுறை. என்னிடம் பின்னல் கற்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்துதான் வருகிறார்கள்.

ஊசியை முதலில் பார்ப்போம். நம் ஊர்க் கடைகளில் பின்னல் ஊசிக்குச் சொல்லும் நம்பர் பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், பத்து என்றால் 3.25. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர், நம்பர் ஏறினால் ஊசி தடிக்கும். அவர்களுடைய எட்டு 5 மில்லிமீட்டர். வீடியோக்காரர் 5 மில்லிமீட்டர் ஊசியை மனத்தில் வைத்துச் சொன்னார், நீங்கள் 4 மில்லிமீட்டரை வாங்கி வந்தீர்கள்.

ஒரு மில்லிமீட்டரில் என்ன போய்விடும்? 5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 18 கண்ணி வரும். அந்தக் கணக்கில் 90 கண்ணி என்றால் சுற்றளவு 50 சென்டிமீட்டர். அதே அகலத்துக்கு 4 மில்லிமீட்டர் ஊசியில் 22 கண்ணி வரும். 90 கண்ணி 41 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். ஏழு மாதக் குழந்தையின் மார்பே ஏறக்குறைய 44 இருக்கும். உள்ளே ஒரு சட்டை வேறு. தலை நுழையாததில் என்ன ஆச்சரியம்?

தலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தலையைவிட மார்பு ரொம்பப் பெரிது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை. பிறந்த குழந்தைக்குத் தலை சுமார் 35, மார்பு அதைவிட ஓரிரண்டு சென்டிமீட்டர் குறைவு. ஒரு வயதை ஒட்டித்தான் இரண்டும் சமமாகும். ஆகவே பெரியவர்கள் ஸ்வெட்டரைச் சின்னதாக்கிக் குழந்தைக்குப் பின்னினால் கழுத்து எப்போதும் தகராறு செய்யும். போதாக்குறைக்கு, கழுத்தில் கண்ணிகளை முடிக்கும்போது நாம் இறுக்கி முடிப்போம். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் இரண்டு அளவு தடித்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்துக் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நெல்லை, நாகர்கோவில் வட்டாரத்தில் மிஷனரிகள் காலத்திலிருந்தே பெண்களுக்கு லேஸ் பழக்கம் உண்டு. அந்த மெல்லிய நூலை இழுத்துப் பிடித்துப் பழகிய விரல், உல்லன் நூலையும் இழுத்துத்தான் பிடிக்கும். அங்கிருந்து வருகிறவர்களின் பின்னலைத் தொட்டாலே எனக்குத் தெரிந்துவிடும், அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். ஆகவே யார் சொன்ன ஊசி நம்பரையும் நம்ப வேண்டாம், என்னுடையதையும் சேர்த்து.

உங்கள் கை என்ன அளவு என்று உங்கள் கையைத்தான் கேட்க வேண்டும். ஸ்வெட்டருக்கு வாங்கிய அதே நூலில், அதே ஊசியில் 32 கண்ணி போட்டு ஒரு சாண் உயரத்துக்குப் பின்னுங்கள். துவைத்து, உலர்த்தி, நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணாதீர்கள், ஓரம் எப்போதும் கோணும். ஒரு மாலை வேலை இது. இதைச் செய்யச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். அந்த நேரத்தில் பாதி ஸ்வெட்டரே பின்னிவிடலாமே என்பார்கள். பின்னலாம், பிரிக்கவும் செய்யலாம்.

பேரனுக்கு இந்த டிசம்பரில் ஒன்றரை வயது தாண்டியிருக்கும். வயதைப் பார்த்து அளவு போடாதீர்கள். இப்போது அவனுக்குச் சரியாக இருக்கும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அதன்மேல் இஞ்ச் டேப்பை வைத்து மகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அகலம் 27 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 54. உங்கள் கைக்கு 22 கண்ணி வந்தால் 54-க்கு 119 கண்ணி, 120 என்று வைத்துக்கொள்ளலாம். 24 கண்ணி வந்தால் 130. இதைப் பார்க்காமல், 24 கண்ணி வரும் கையோடு 120-இல் பின்னினால் 50-தான் கிடைக்கும், போன வருஷக் கதைதான். பின்னி முடிக்க இரண்டு மாதம் ஆகும் என்று நினைத்தால் அளவில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். குழந்தை உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான்.

கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னும் மாடலாக, முன்பக்கம் திறந்து பட்டன் போடுவதாக எடுங்கள். தலைப் பிரச்சினையே எழாது. உயரம் குறைந்தால் அடுத்த வருஷம் கீழ் ஓரத்தைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம். கழுத்தில் நாடா, குஞ்சம் எதுவும் வேண்டாம், இறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பட்டனை நாலு தடவை முடிச்சுப் போட்டுத் தையுங்கள், வாய்க்குத்தான் போகும். விரல் மாட்டும் அளவுக்குத் துளை வைத்த பூ வேலையும் இந்த வயதுக்கு ஆகாது.

நூல் விஷயத்தில் ஒரு பரிசோதனை. கடையில் “வுல்” என்று கொடுக்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக்தான். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். நிஜக் கம்பளி முடி கருகிய வாசனை அடித்து, தீயை எடுத்ததும் அணைந்து, விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். அக்ரிலிக் மட்டம் என்று சொல்ல மாட்டேன். கைக்குழந்தை வைத்திருக்கும் மகள் மெஷினில் போட்டுத் துவைக்கத்தான் போகிறாள். சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் அலசலிலும் சுருங்கித் தடித்துவிடும். அக்ரிலிக் தாங்கும், ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் துவண்டுவிடும். டெல்லிக் குளிருக்கு இரண்டும் கலந்த நூல் கிடைத்தால் அதையே எடுப்பேன். 150 கிராமாவது தேவைப்படும், 200 வாங்கிவிடுங்கள். எல்லா உருண்டையிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம்.

இப்போது கேக். வீடியோவில் சொன்ன 350, ஃபாரன்ஹீட். அது செல்சியஸில் 177. உங்கள் ஓவனின் 250 செல்சியஸ். நீங்கள் வைத்தது அவர்கள் கணக்கில் 480-க்கும் மேலே, பீட்சா சுடுகிற சூடு. வெளியே கருகி உள்ளே மாவாக நின்றது அதனால்தான். என்னைக் கேட்டால் பழம் நிறைந்த கேக்குக்கு 177-உம் அதிகம். 150-இல் வைத்து நிதானமாக வேக விடுங்கள். ஓவன் குமிழில் எழுதியிருப்பதும் நிஜ சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. என்னுடைய பழைய ஓவன் 150 என்று காட்டிக்கொண்டு 175-இல் இருந்ததைச் சில நூறு ரூபாய் ஓவன் தெர்மாமீட்டர் வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கப் கணக்கையும் விடுங்கள். அமெரிக்கக் கப் 240 மில்லி, நம் வீட்டில் ஆளுக்கொரு டம்ளர். மைதாவை அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம், தளரக் கொட்டினால் 120. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. வெண்ணெய், பொடித்த சீனி, மைதா, ஓடு நீக்கிய முட்டை நான்கும் ஒரே எடை, தலைக்கு 200 கிராம். முட்டை நாலு வரும். நம் சீனி பரல் பெரிது, மிக்ஸியில் பொடிக்காவிட்டால் வெண்ணெயோடு சேராமல் நரநரக்கும். உப்பு வெண்ணெய் என்றால் தனியே உப்பு வேண்டாம். பழமும் முந்திரியுமாக 450 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், பட்டை கிராம்பு ஜாதிக்காய்ப் பொடி, நிறத்துக்குக் காய்ச்சிய சீனிப் பாகு மூன்று ஸ்பூன். மாவு கெட்டியாக இருந்தால்தான் பழம் அடியில் போய் உட்காராது. பெரிய வட்டத் தட்டில் ஊற்றாமல் ரொட்டி டின் இரண்டில் பிரித்து ஊற்றுங்கள். நடு வேகும், பார்சலிலும் அடங்கி உட்காரும். ஒரு மணி நேரம் கழித்துக் குச்சி விட்டுப் பாருங்கள், ஒட்டாமல் வரும்வரை விடுங்கள். முதல் 45 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

பழம் ஊற வைக்க ரம்மா, ஆரஞ்சு ஜூஸா? பேரனும் ஒரு துண்டு கேட்பான் என்பதால் ஜூஸ்தான். அடுப்பில் வைத்தால் சாராயமெல்லாம் ஆவியாகிவிடும் என்பார்கள், முழுக்கப் போகாது. இதில் சம்பிரதாயக் குறைவு ஒன்றும் இல்லை. கேரளத்துத் தலச்சேரியில் 1883-இல் பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாப்பு நம் நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தபோது பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கைத்தான் ஊற்றினார் என்பது அந்த ஊர்க் கதை. ஜூஸில் ஊறிய பழத்தை ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்து, வடித்து, ஈரத்தைத் துடைத்துச் சேருங்கள். முந்திரியைப் பொடியாக நறுக்குங்கள், முழுப் பருப்பு சின்னக் குழந்தையின் தொண்டையில் சிக்கும். ரம் ஊறிய கேக் வாரக்கணக்கில் தாங்கும். ஜூஸ் கேக்கை ஒரு வாரத்துக்கு மேல் வெளியே நம்ப வேண்டாம். டெல்லி போய்ச் சேர ஐந்து நாள் என்றால் வந்ததும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பூசணம் எப்படி வந்தது? கேக் தொடுவதற்கு ஆறினாலும் உள்ளே சூடு இருக்கும். அதை மாலையே சுற்றிக் கட்டினால் ஆவி காகிதத்தில் பட்டு வியர்வையாகத் திரும்பக் கேக்கின் மேலேயே இறங்கும். மேல்தோலைச் சீவி எடுத்த ஈரப் பரப்பு வேறு. பூசணத்துக்கு வாழை இலை போட்டு விருந்து வைத்த மாதிரி. டின்னிலிருந்து எடுத்து, வலைத்தட்டில், ஈ மொய்க்காமல் மெல்லிய துணி போர்த்தி ஓர் இரவு முழுக்க ஆற விடுங்கள். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அலுமினியத் தாள், பிறகு இறுக மூடும் டப்பா. அலுமினியத் தாள் நேராகக் கேக்கில் படக் கூடாது, பழத்தின் புளிப்பு அதை அரித்துவிடும். இலங்கைத் தமிழர் வீடுகளில் ரிச் கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். நேரில் கொடுக்க அழகு. ரம் இல்லாத கேக்கை அப்படி வெட்டித் தபாலில் அனுப்பினால் வறண்டுவிடும், முழுசாக அனுப்புங்கள்.

பாச்சை உருண்டை. இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன், குழந்தைத் துணியோடு அதை வைக்கவே வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் வாடையே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குறை இருப்பது பல வீடுகளில் தெரிவதுகூட இல்லை. அக்ரிலிக் நூலைப் பூச்சி அரிக்காது, கம்பளி என்றால் துவைத்து நன்றாக உலர்த்திய பின் காற்றுப் புகாத உறையில் போட்டால் போதும். ஸ்வெட்டரைக் கேக்குக்கு மெத்தையாக வைக்கும் யோசனையும் வேண்டாம், வெண்ணெய்க் கறை போகாது. இரண்டுக்கும் தனிப் பார்சல். ஸ்வெட்டர் டிசம்பர் முதல் வாரமே போகட்டும், அளவு தப்பினால் திருத்த நேரம் இருக்கும். கேக் 16, 17 தேதி வாக்கில் கிளம்பினால் சரி. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் தபாலில் நெரிசல்.

போன வருஷ ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லாதீர்கள். 41 சென்டிமீட்டர் என்பது பிறந்து ஓரிரு மாதமான குழந்தைக்குக் கச்சிதமான அளவு. ஒரு பக்கத் தோள் தையலைப் பிரித்து, அங்கே மூன்று வரிசை பின்னி இரண்டு பட்டன் வையுங்கள். கழுத்துப் பட்டியைத் தனியே பின்னிச் சேர்த்திருந்தால் அதையும் அந்த இடத்தில் திறக்க வேண்டிவரும். பத்து நிமிடம் பிரிப்பு, ஒரு மாலை பின்னல். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இந்த மார்கழிக்குள் ஒரு குழந்தை பிறக்காமலா போகும்?